ஐந்து மணி மரத்தடியில் ஒரு பென்சில்

தமிழில் ‘தோட்டம்’ என்றால் செடி கொடி வளரும் இடம். மலாயில் ‘தாமான்’ என்றாலும் அதே பொருள்தான். ஆனால் மலேசியத் தமிழர் ஒருவரிடம் இந்த இரண்டு சொற்களையும் சொல்லிப் பாருங்கள். தோட்டம் என்றதும் ரப்பர் மரமும் லயத்து வீடும் பெரட்டுக்களமும் கண்முன் வரும். தாமான் என்றதும் வரிசை வீடுகளும் வாசலில் இரண்டு கார்களும் தெருமுனையில் ஒரு விளையாட்டுத் திடலும் வரும். ஒரு தலைமுறை தோட்டத்தில் பிறந்தது. அடுத்த தலைமுறை தாமானில் வளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பல தோட்டங்கள் இருந்த தடமே தெரியாமல் போய்விட்டன.

ஜொகூர் பாருவைச் சுற்றிப் பார்த்தாலே இது புரியும். இன்று கடைகளும் உணவகங்களும் நெருக்கியடிக்கும் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பெயர் மட்டும் தாமானோடு ஒட்டிக்கொண்டது. அங்கே பால் வெட்டியவர்கள் எந்த மரத்தடியில் உட்கார்ந்து பசியாறினார்கள், பிள்ளைகள் எங்கே பந்து விளையாடினார்கள், ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் வெகு சிலரே.

நம் வீட்டுப் பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். கல்யாணப் படம் இருக்கும், காவடிப் படம் இருக்கும், பள்ளிக்கூடத்தில் வரிசையாக நின்று எடுத்த வகுப்புப் படம் இருக்கும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை எப்படி இருந்தது என்பதற்கு மட்டும் படம் இருக்காது. கேமரா விசேஷத்துக்குத்தான் வெளியே வந்தது. அன்றாட வாழ்க்கையை யாரும் படமாகப் பார்க்கவில்லை.

இப்போது நம் தாமான்களின் முறை வந்திருக்கிறது. கையில் போன் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் படங்களும் இருக்கின்றன. இருந்தாலும் வீட்டுக்கு எதிரே இருக்கும் பூங்காவைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அதைத் தெரிந்துகொள்ள மிக மலிவான கருவி ஒரு பென்சில் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

நகரும் நகரம்

ஜொகூர் பாரு எப்போதும் மாறிக்கொண்டே இருந்த ஊர்தான். 1924-இல் சிங்கப்பூருடன் இணைக்கும் கடற்பாலம் திறக்கப்பட்டது. 1994 ஜனவரி 1-ஆம் தேதி மாநகர் தகுதி கிடைத்தது. 1909-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் நிலையம் 2010-இல் ஜேபி சென்ட்ரலுக்கு வழிவிட்டது. இப்போது வருவது அதைவிடப் பெரிய மாற்றம். புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர் நீளத்தில் ஆர்டிஎஸ் ரயில் பாதை. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் திறன் அதற்கு உண்டு. இதோடு, 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தாகியிருக்கிறது.

இந்த மாற்றத்தை நாம் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. விடியற்காலை நாலரைக்கே எழுந்து, மோட்டாரில் கடற்பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற அப்பாக்களும் அம்மாக்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த நெரிசலில் ஒரு மணி நேரம் மிச்சமானால், அது பிள்ளைகளோடு இருக்கக் கிடைக்கும் ஒரு மணி நேரம்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். இன்று நகரத்தின் கண்கள் மொத்தமும் திரும்பியிருக்கும் புக்கிட் சாகார் பகுதியில் ஒரு காலத்தில் அடுக்குமாடி வீடுகள் இருந்தன. அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன, பிள்ளைகள் கீழே இறங்கி விளையாடினார்கள். அந்தக் கட்டடங்கள் இன்று இல்லை. மாடிப்படியில் யார் உட்கார்ந்து கதை பேசினார்கள் என்பது அங்கே வாழ்ந்தவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு சாதாரணப் பூங்கா

நான் வரைவது எங்கள் தாமானின் நடுவில் இருக்கும் சிறிய பூங்காவை. சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் இடம் இல்லை. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், கூரை போட்ட ஒரு பொண்டோக், சுற்றி நடக்க ஒரு சிமெண்டுப் பாதை, பாதி புல்லும் பாதி மண்ணுமாக ஒரு பந்துத் திடல். ஓரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. பொழுது சாயும்போது இதன் இலைகள் மடங்கிக்கொள்ளும். அதனால்தான் தமிழில் அந்தப் பெயர். மலாய்க்காரர்கள் இதை ‘புக்கூல் லீமா’ என்பார்கள், அதாவது ஐந்து மணி. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து கப்பலேறி வந்த மரத்துக்கு இங்கே இரண்டு மொழிகளிலும் தூக்கத்தை வைத்தே பெயர் அமைந்துவிட்டது.

2024 தொடக்கத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது அங்கே உட்கார்ந்து 20 நிமிடம் வரைகிறேன். ஓவியம் படித்தவள் இல்லை. என் கோட்டில் மனிதர்களின் கைகள் கொஞ்சம் நீளமாகவே வரும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி, நேரம், வெயிலா மழையா என்று எழுதிவிடுவேன். முதல் மூன்று மாதங்களில் பூங்காவுக்கு ஒரு கால அட்டவணை இருப்பது தெரிந்தது.

காலை ஆறரைக்கு நடைப்பயிற்சிக்காரர்கள். கையை மெதுவாக வீசி உடற்பயிற்சி செய்யும் சீன அம்மாக்கள் கிழக்குப் பக்கம், அரட்டையோடு நடக்கும் நம் ஆட்கள் மேற்குப் பக்கம். பத்து மணிக்கு மேல் மைனாக்களைத் தவிர யாரும் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, பூங்கா காலியாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில், பொண்டோக்கில் உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் ஹெல்மெட்டைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறார்கள். ஐந்தரைக்குப் பிள்ளைகள். ஏழே காலுக்குப் பள்ளிவாசலின் அழைப்பொலி கேட்டதும் கூட்டம் பாதியாகக் குறையும். இரவு ஒன்பது மணிக்கு, சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர்கள் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் இரண்டு சுற்று நடப்பார்கள்.

பூங்காவைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். இந்த மூன்று மணித் தூக்கம், இந்த ஒன்பது மணி நடை இரண்டும் உட்கார்ந்து வரைந்த பிறகுதான் கண்ணில் பட்டன.

இன்னொன்றும் அந்தப் பக்கங்களில் பதிவாகியிருக்கிறது. 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆனது. செய்தியில் இதை நிர்வாக மாற்றமாகப் படித்தோம். பூங்காவில் அது வேறு விதமாகத் தெரிந்தது. 2024-இன் ஞாயிறு பக்கங்களில் காலை முழுக்க சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாக்கள் தனியாக நடக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். 2025-இன் ஞாயிறு பக்கங்களில் அதே அப்பாக்கள் ஊஞ்சலுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறார்கள். ஒரு அரசாணை ஒரு குடும்பத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

போன் இருக்கும்போது பென்சில் எதற்கு?

வானொலி நிலையத்தில் ஐந்து விநாடி மௌனம் வந்தால் எங்களுக்குக் கை நடுங்கும். கேட்பவர் அலைவரிசையை மாற்றிவிடுவார் என்ற பயம். பேசிக்கொண்டே இருக்கப் பழகிய ஒருவருக்கு 20 நிமிடம் வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தைப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பது பூங்காவில்தான் தெரியும்.

போனில் படம் எடுக்க ஒரு விநாடி. எடுத்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். வரையும்போது அது முடியாது. ஊஞ்சலின் சங்கிலி எங்கே தொங்குகிறது, பாட்டியின் கை பேத்தியின் முதுகில் இருக்கிறதா தோளில் இருக்கிறதா என்று ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்கும்போதுதான் பாட்டியின் மறுகையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் பள்ளிப் பையும் இருப்பது தெரிகிறது. பள்ளிவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார்கள். வீட்டில் இன்னும் யாரும் வரவில்லை என்று பொருள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. யாரோ போனைத் தூக்கிப் பிடித்தால் பூங்காவில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். புத்தகத்தில் வரைந்தால் பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். “ஏம்மா, என் தொப்பை இவ்ளோ பெரிசாவா இருக்கு?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “பாதிதான் அங்கிள் போட்டிருக்கேன்” என்றேன். அதன் பிறகு மூன்று பேரும் எனக்குத் தோழர்கள்.

பெஞ்சு இருந்த இடம்

அந்த மூன்று பெரியவர்களும் தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சின் நிரந்தர உறுப்பினர்கள். மூவரும் மூன்று வெவ்வேறு தோட்டங்களில் பிறந்தவர்கள். ஒரே நாளிதழைப் பிரித்து ஆளுக்கு ஒரு தாள் படிப்பார்கள். படித்து முடித்ததும் தாள் கைமாறும். மரண அறிவிப்புப் பக்கம் மட்டும் மூவருக்கும் பொது.

பூங்காவுக்கு மேற்கே ஒரு கொண்டோமினியம் எழுந்துகொண்டிருக்கிறது. என் முதல் பக்கங்களில் அந்த இடத்தில் வானமும் இரண்டு தென்னையும் இருந்தன. பிறகு ஒரு பாரந்தூக்கி வந்தது. பிறகு சாம்பல் சுவர் ஒவ்வொரு மாதமும் ஒரு விரல் அளவு உயர்ந்தது. அதன் நிழல் இப்போது நாலரை மணிக்கே சறுக்கு மரத்தின் மேல் விழுகிறது. முன்பு அந்த நேரத்தில் சறுக்கு மரம் தோசைக்கல் போலச் சுடும். இப்போது பிள்ளைகள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வருகிறார்கள். மாற்றம் எல்லாமே இழப்பு இல்லை என்பதையும் பென்சில் நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறது.

ஆனால் கார்கள் பெருகின. ஓரத்தில் நிறுத்துமிடம் அகலமானபோது அந்த பெஞ்சு எடுக்கப்பட்டது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பெரியவர்கள் சில வாரம் பாதையின் சிமெண்டு விளிம்பில் உட்கார்ந்தார்கள். பிறகு வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வந்தார்கள். நான் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் மரத்தடியில் இருந்த உருவங்களை எண்ணினேன். மூன்று, மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவரால் தாழ்வான விளிம்பிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலி தூக்கி வரவும் முடியவில்லை. அவர் வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு பெஞ்சு போனதால் ஒரு மனிதர் வீட்டுக்குள் அடைந்தார். இது எந்தத் திட்ட வரைபடத்திலும் தெரியாது. வரைபடத்தில் பூங்கா ஒரு பச்சைக் கட்டம். பெஞ்சுக்கு முன்பும் பின்பும் அந்தக் கட்டத்தின் பச்சை மாறவில்லை.

குடியிருப்பாளர் கூட்டத்துக்கு அந்த ஐந்து பக்கங்களையும் கொண்டு போனேன். கார் நிறுத்துமிடம் முக்கியமா, உட்காருமிடம் முக்கியமா என்ற வாதம் சூடாகவே நடந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் படங்கள் கைமாறியபோது பேச்சு மெல்ல “மரத்துக்கு அந்தப் பக்கம் போடலாமே” என்று திரும்பியது. கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. பதில் வரும்வரை ஒரு குடும்பம் தங்கள் பழைய மரப்பெஞ்சை மரத்தடியில் கொண்டு வந்து போட்டிருக்கிறது. முழங்கால் பெரியவர் இப்போது வாரம் இரண்டு நாள் வருகிறார்.

உட்காருமிடத்தின் அருமையை அமெரிக்கர் ஒருவர் எப்போதோ ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். நியூயார்க்கின் சிறிய சதுக்கங்களில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் படம்பிடித்துப் பார்த்த வில்லியம் வைட், 1980-இல் ஒரு நூல் வெளியிட்டார். சில இடங்களில் கூட்டம் கூடுவதற்கும் சில இடங்கள் வெறிச்சோடிக் கிடப்பதற்கும் அவர் தேடிய காரணங்களில் மிக எளியதுதான் முதன்மையாக நின்றது: அங்கே வசதியாக உட்கார முடிகிறதா? எங்கள் மரத்தடிப் பெரியவர்கள் நூல் எதுவும் படிக்காமலே இதைச் சொல்லிவிடுவார்கள்.

முன்பே வரைந்தவர்கள்

அன்றாட வாழ்க்கையை வரைந்து காப்பாற்றிய ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். 1951-இல் பேராக்கில் பிறந்த லாட், 1979-இல் வெளியிட்ட ‘கம்போங் பாய்’ என்ற சித்திரப் புத்தகத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் சிரித்துச் சிரித்துப் படிக்கிறார்கள். ஆற்றில் குளிப்பது, குர்ஆன் வகுப்பு, கல்யாண வீடு என்று எல்லாம் சாதாரணக் காட்சிகள். ஆனால் புத்தகம் முடியும்போது ஈயச் சுரங்கம் கம்போங்கை நெருங்கி வருகிறது. மறையப் போகிற ஒரு வாழ்க்கையைத்தான் இவ்வளவு நேரம் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போது உறைக்கும்.

தமிழ்நாட்டில் மனோகர் தேவதாஸ் என்றொருவர் இருந்தார். 1936-இல் மதுரையில் பிறந்தவர். கண் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் விழித்திரை நோய் அவருக்கு இருந்தது. பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலக் குறுகிக்கொண்டே வந்தபோதும், தாம் வளர்ந்த மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் பேனாவால் நுணுக்கமாக வரைந்தார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022 டிசம்பரில் மறைந்தார். அவர் வரைந்த மதுரையில் பல காட்சிகள் இன்று அங்கே போனாலும் கிடைக்காது.

இருந்த இடத்திலேயே உட்கார்ந்து ஊரை வரைவது இப்போது உலகமெங்கும் ஒரு பழக்கமாகியிருக்கிறது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் சியாட்டலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற குழு இதற்கு வழி வகுத்தது. நேரில் பார்த்ததை, பார்த்தபடியே, அந்த இடத்திலிருந்தே வரைய வேண்டும் என்பதுதான் அவர்களின் அடிப்படை விதி. 2015-இல் அவர்களின் உலகக் கூட்டம் பக்கத்துச் சிங்கப்பூரில் நடந்தது. பினாங்கில் இந்தப் பழக்கத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் சிங் கியா கியான். மரக்குச்சியைச் சீன மையில் தோய்த்து ஜார்ஜ்டவுன் கடைவீடுகளை வரைபவர். விலை உயர்ந்த தூரிகை இல்லை என்பது சாக்காக முடியாது என்பதற்கு அவரே சாட்சி.

பச்சைக் கட்டத்துக்கும் சட்டம் உண்டு

பூங்கா என்பது யாரோ பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்த காலி இடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் புதிய வீடமைப்புப் பகுதிகளில் 10 விழுக்காட்டு நிலம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும் என்று திட்டமிடல் வழிகாட்டிகள் சொல்கின்றன. 1,000 பேருக்கு 2 ஹெக்டேர் திறந்தவெளி என்பது நாட்டின் இலக்கு. கணக்குப் போட்டால் ஆளுக்கு 20 சதுர மீட்டர், ஏறக்குறைய நம் வீட்டு வரவேற்பறை அளவு. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி (சட்டம் 172), உள்ளாட்சித் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அப்படி ஒரு வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? போனாலும், “எங்களுக்கு இந்த இடம் வேண்டும்” என்பதற்கு மேல் என்ன சொல்வோம்?

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். ரிம்பா கியாரா பூங்காவில் உயர்மாடிக் குடியிருப்புகள் கட்டத் தரப்பட்ட அனுமதியை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து அந்த அனுமதியை ரத்து செய்தது.

அந்தக் கதையில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. அதே பூங்காவின் ஓரத்தில் நெடுநாளாக வரிசை வீடுகளில் வாழ்ந்து வந்தவர்கள் பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் இந்தியர்கள். நிரந்தர வீடு என்ற வாக்குறுதிக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தவர்கள். கைவிடப்பட்ட திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் இருந்தன. ஆகவே ஒரு பூங்காவை வரைவது என்றால் மரத்தையும் நடைபாதையையும் வரைந்து முடித்துக்கொள்வது போதாது. வேலிக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து வரைந்தால்தான் படம் முழுமையாகும். பூங்காவும் வேண்டும், அவர்களுக்கு வீடும் வேண்டும் என்று அப்போதுதான் சேர்த்துப் பேச முடியும்.

தாத்தாவின் வரைபடம்

கடந்த ஆண்டு ஒரு மாலை, மரத்தடிப் பெரியவர்களில் ஒருவர் “அந்தப் பென்சிலைக் கொஞ்சம் கொடும்மா” என்றார். நாளிதழின் ஓரத்து வெள்ளைப் பகுதியில் ஒரு கோடு போட்டார். “இது செம்மண் ரோடு. இங்க கிராணி வீடு. இது எங்க லயம், பத்துக் கதவு. கடைசிக் கதவு எங்களது.” கிணறு வந்தது. மாரியம்மன் கோயில் வந்தது. பிறகு கை நின்றது. “பள்ளிக்கூடம் கோயிலுக்கு முன்னாலயா பின்னாலயா?” என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். நினைவு வரவில்லை. “என் அண்ணனுக்குத் தெரியும். அவரும் போன வருஷம் போய்ட்டாரு” என்று பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருந்தது என்ற தகவல் ஒரு மனிதரோடு போய்விட்டது. இப்படி எத்தனையோ தோட்டங்கள் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் மனத்தில் மட்டும் இருக்கின்றன. அவற்றைக் காகிதத்தில் இறக்குவதற்கு அரசு மானியம் வேண்டாம், ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு காகிதமும் போதும்.

நீங்களும் தொடங்கலாம்

ஏ5 அளவில் ஒரு வரைபுத்தகம், ஒரு 2பி பென்சில், தண்ணீரில் கரையாத மை கொண்ட ஒரு பேனா. இவ்வளவுதான் தேவை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் மெல்லிய தாள் சீக்கிரம் துவண்டுவிடும், ஆகவே கொஞ்சம் கனமான தாளாகப் பாருங்கள். பிற்பகல் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். ஒரு பிளாஸ்டிக் பையும் கூட இருக்கட்டும்.

முதலில் அசையாதவற்றைப் பிடியுங்கள். மரம், பெஞ்சு, பொண்டோக்கின் கூரை. அவை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மனிதர்களைப் பிறகு சேர்க்கலாம். ஓடும் பிள்ளையை வரைய முயன்று மனம் தளர வேண்டாம். ஊஞ்சலாடும் பிள்ளை ஒவ்வொரு சில விநாடிக்கும் அதே இடத்துக்குத் திரும்பி வரும், அதைப் பிடிப்பது எளிது. பூப்பந்து விளையாடுபவரும் அப்படித்தான், ஒரே அடியைப் பலமுறை அடிப்பார். சந்தனம் போல மஞ்சளாக அங்சானா பூத்துக் கொட்டியிருந்தால் அன்றைக்கே வரைந்துவிடுங்கள். அந்தப் பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான்.

மற்றவர் வீட்டுப் பிள்ளைகளை வரையும்போது முகத்தைத் தெளிவாகப் போட வேண்டாம், பெற்றோரிடம் புத்தகத்தைக் காட்டிவிடுங்கள். தூங்குகிறவரையும் அழுகிறவரையும் அடையாளம் தெரியும்படி வரைவது மரியாதை இல்லை. பக்கத்தின் மூலையில் தேதி, நேரம், இடம் எழுத மறக்காதீர்கள். பத்து ஆண்டு கழித்து அந்தப் படத்தின் மதிப்பில் பாதி அந்த மூன்று சொற்களில்தான் இருக்கும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரையைக் கீழே வை என்று பத்து முறை சொல்வதைவிட கையில் ஒரு பென்சிலைக் கொடுப்பது பலன் தருகிறது. அவர்கள் வரையும் பூங்காவில் மனிதர்களைவிடப் பூனைகள் அதிகமாக இருக்கலாம். அதுவும் உண்மைதான், நாம் கவனிக்காத உண்மை.

அந்தப் புத்தகத்திலேயே இரண்டு பக்கங்களை ஒதுக்கி வையுங்கள். இடது பக்கத்தில் தாத்தாவோ பாட்டியோ தாங்கள் பிறந்த தோட்டத்தை வரையட்டும். கோடு நேராக வராவிட்டால் என்ன, கிணறு எங்கே, ஆயாக்கொட்டகை எங்கே, பள்ளிக்கூடம் கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பது தெரிந்தால் போதும். வலது பக்கத்தில் பேரனோ பேத்தியோ தங்கள் தாமானின் பூங்காவை வரையட்டும். இரண்டின் கீழும் பெயரும் தேதியும் இருக்கட்டும்.

ரயில் வரட்டும், கட்டடங்கள் உயரட்டும். எங்கே பெஞ்சு இருந்தது என்று யாராவது கேட்டால், பக்கத்தைத் திருப்பிக் காட்ட நம்மிடம் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். இன்று மாலை மழை இல்லையென்றால் ஐந்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். மரம் இலைகளை மடக்கத் தொடங்கிவிட்டால் வெளிச்சம் அதிக நேரம் நிற்காது.